அச்சில் இருக்கிறது

சில மாதங்களுக்கு முன், நம்மிடம் முதுகலைத் தமிழ் படித்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறவர். கையில் அச்செடுத்த தாள்கள். எண்ணிப் பார்த்தால் பதினொரு மடல்கள். அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா, சுவடிகளில் பாடவேறுபாடு பார்ப்பதுபோல இவற்றைப் பார்த்துச் சொல்லவேண்டும். இவர்கள் அந்தப் பேனாவை உண்மையிலேயே செய்கிறார்களா, இல்லையா?" என்று கேட்டார்.

பேனா என்றால் மையூற்றி எழுதும் பேனா அன்று. தாளில் எழுத எழுத அந்தக் கையெழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றித்தரும் மின்னணுக் கருவி. வெளிநாட்டு இளைஞர் சிலர் அதை உருவாக்கப் போவதாகச் சொல்லி உலகெங்கும் முன்பணம் திரட்டியிருக்கிறார்கள். எட்டு மாதங்களில் வீடு வந்து சேரும் என்பது வாக்கு. மாணவர் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் அனுப்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பேனா வரவில்லை, மடல்கள் தவறாமல் வருகின்றன. அவர் சொன்னதைக் கேட்டு உடன் பணிபுரிவோர் நால்வரும் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய உறுத்தல். பணம் கட்டிய மற்றவர்களிடம் தம் ஐயத்தைச் சொன்னபோது, "நம்பிக்கையில்லாதவர் ஏன் இதற்குள் வந்தீர்?" என்று கடிந்துகொண்டார்களாம்.

நமக்கு மின்னணுவியல் தெரியாது. ஆனால் ஒரு பிரதியைப் படித்து, எழுதியவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்ப்பதற்குத்தான் நமக்குக் கல்லூரி ஊதியம் தருகிறது. ஆகவே இரண்டு இரவுகள் அம்மடல்களைப் படித்தோம். படித்து முடித்தபோது நமக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. அந்த உரைநடை நமக்கு முன்பே நன்கு பழக்கமான உரைநடை. எப்படிப் பழக்கம் என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் பொருளுக்கு வருவோம்.

பொருள் உருவாகும் முன்பே அதன் விலையைக் கொடுத்துவைப்பது புதிய வழக்கம் அன்று. இலக்கிய வாசகர்களுக்கு இது மிகப் பழைய உறவு. அலெக்சாண்டர் போப் இலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1715 முதல் 1720 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது முன்பணம் செலுத்திய புரவலர்களின் துணையால்தான். நம் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றே அச்சுச் செலவைச் சமாளித்தார். 1887 இல் நூல் வெளிவந்தது. 1885 இல் நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாதபோது, ஜோசப் புலிட்சர் தம் நாளிதழ் வழியாகப் பொதுமக்களிடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்த எளிய மக்கள்.

இந்தப் பழைய வழக்கத்தை இணையத்திற்குக் கொண்டுவந்த அமைப்புகளுள் பெரியது, 2009 இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர். தமிழ் இதழ்கள் இதைக் கூட்டு நிதி திரட்டல் என்றும், கிரவுட் ஃபண்டிங் என்றே ஒலிபெயர்த்தும் எழுதுகின்றன. முறை எளியது. ஒருவர் தம் திட்டத்தைப் படத்தோடும் விளக்கத்தோடும் முன்வைத்து, இன்ன தொகை வேண்டும் என்கிறார். குறித்த நாளுக்குள் அந்தத் தொகை சேர்ந்தால் பணம் அவருக்குப் போகும். சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 5 பங்கை அமைப்பு எடுத்துக்கொள்ளும். பணம் கொடுப்பவர் வாடிக்கையாளர் அல்லர், ஆதரவாளர். இந்தச் சொல்மாற்றம் சிறியதாகத் தோன்றும். ஆனால் வாடிக்கையாளர் கடைக்குப் போய்ப் பொருளைக் கேட்கலாம். ஆதரவாளர் எந்தக் கடைக்குப் போவார்? 2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டர் தன்னைக் கடை அன்று என்றே வெளிப்படையாக அறிவித்தது. அதே அறிவிப்பில் கருவிகளுக்கு ஒரு கட்டுப்பாட்டையும் விதித்தது: பொருள் இன்று எதைச் செய்கிறதோ அதை மட்டுமே காட்டவேண்டும்; கணினியில் தீட்டிய மெய்போன்ற படங்களைக் காட்டக்கூடாது. இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதே, அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

விதி வந்தபின்னும் என்ன நடந்தது என்பதற்கு ஸானோவின் கதையைச் சொல்லலாம்.

பிரித்தானியத் தீவின் மேற்கே, வேல்ஸ் நாட்டில் பெம்ப்ரோக் டாக் என்று ஒரு துறைமுக ஊர். அங்கிருந்த டார்க்கிங் குரூப் என்னும் சிறு நிறுவனம், 2014 நவம்பரில் ஸானோ என்ற உள்ளங்கையளவு ட்ரோனுக்கு நிதி கேட்டது. தானே பறக்கும், கைப்பேசியைப் பின்தொடர்ந்து வரும், தடைகளைக் கண்டு விலகும், உயர்தரப் படம் எடுக்கும் என்றார்கள். கேட்டது 1,25,000 பவுண்டு. 2015 ஜனவரியில் நிதி திரட்டல் முடிந்தபோது சேர்ந்திருந்தது 23 லட்சம் பவுண்டுக்கு மேல். கொடுத்தவர்கள் 12,075 பேர். ஐரோப்பாவிலிருந்து கிக்ஸ்டார்ட்டரில் அதுவரை எந்தத் திட்டத்திற்கும் அவ்வளவு பணம் சேர்ந்ததில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் அனுப்புவோம் என்பது வாக்கு.

ஜூன் போயிற்று. இலையுதிர் காலத்தில் சில நூறு கருவிகள் வெளியே போயின. அவையும் முதலில் நிதி கொடுத்தவர்களுக்குப் போகவில்லை; பிறகு நேரடியாக நிறுவனத்திடம் முன்பதிவு செய்தவர்களுக்குப் போயின. முன்பதிவு செய்தவர்களிடமிருந்து வரவேண்டிய மீதித் தொகை நிறுவனத்திற்குத் தேவைப்பட்டது. கிடைத்தவர்களும் அது சரியாகப் பறக்கவில்லை, படம் தெளிவில்லை என்றார்கள். நவம்பரில் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் விலகினார். அதே மாதத்தில் நிறுவனம் கலைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 15,000 கருவிகள் கேட்கப்பட்டிருக்க, அனுப்பப்பட்டவை 600 அளவில்தான்.

அதன்பின் கிக்ஸ்டார்ட்டர் வழக்கத்திற்கு மாறான ஒன்றைச் செய்தது. மார்க் ஹாரிஸ் என்ற பத்திரிகையாளரை அமர்த்தி, நடந்ததை ஆராய்ந்து எழுதச் சொன்னது. 2016 ஜனவரியில் வெளிவந்த அவருடைய நீண்ட அறிக்கை நாம் படித்த நல்ல உரைநடைகளுள் ஒன்று. மோசடி நடந்ததற்கான சான்று எதையும் தாம் காணவில்லை என்கிறார் அவர். அவர் கண்டது வேறு: அந்தப் பொருளைச் செய்து முடிக்கத் தேவையான தொழில்நுட்பத் திறமோ வணிகத் திறமோ அவர்களிடம் இல்லை, நிதி கேட்கும்போது காட்டிய படம், கருவி அன்று செய்ய முடிந்ததைவிட அதிகத்தைக் காட்டியது.

ஸானோவைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். "உண்மையிலேயே செய்கிறார்களா?" என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே விடைகள் உண்டு என்று நம் மாணவரைப் போலவே நாமும் எண்ணியிருந்தோம். செய்கிறவர் நேர்மையாளர், செய்யாதவர் திருடர். ஆனால் பெம்ப்ரோக் டாக்கில் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆட்கள் வேலைக்கு வந்தார்கள், உறுப்புகள் வாங்கப்பட்டன, கருவிகள் கோக்கப்பட்டன. செய்தார்கள், ஆனால் சொன்னதைச் செய்யவில்லை. ஆகவே ஐயம் கொள்கிறவர் கேட்கவேண்டிய கேள்வி, "நீங்கள் நல்லவர்களா?" என்பதன்று, "எதுவரை வந்திருக்கிறீர்கள்?" என்பது.

செய்தல் என்ற ஒரு சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. மேசைமேல் கம்பிகள் தொங்க ஒன்று இயங்குவது முதற்படி. கையால் அழகாகக் கோத்து, படம் பிடிக்கத் தக்கதாக ஒன்றைச் செய்வது அடுத்தது. இவ்விரண்டையும் திறமுள்ள நால்வர் ஒரு அறையில் செய்துவிடலாம். அதன்பிறகுதான் உண்மையான மலை. மேலுறைக்கு எஃகில் வார்ப்பு அச்சு வெட்டவேண்டும். அதற்குப் பல வாரங்களும் பெரும்பணமும் ஆகும், வெட்டியபின் வடிவத்தை மாற்றினால் மறுபடியும் செலவு. அச்சில் முதலில் விழும் உறைகள் பெரும்பாலும் பொருந்தா, திருத்தவேண்டும். கம்பியில்லாத் தொடர்புள்ள எந்தக் கருவியும் அமெரிக்காவில் விற்கப்படவேண்டுமானால் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிகளின் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். உள்ளே லித்தியம் மின்கலம் இருந்தால், விமானத்திலோ கப்பலிலோ ஏற்றுமுன் ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்த சோதனைகளை அது தாண்டியிருக்க வேண்டும். பிறகு நூறு செய்து, அவற்றில் எத்தனை பழுது என்று பார்த்து, அதன்பின் ஆயிரம். ஒன்றைச் செய்வதற்கும் பத்தாயிரம் செய்வதற்கும் உள்ள தொலைவு, ஒரு வெண்பா எழுதுவதற்கும் ஒரு காப்பியம் எழுதுவதற்கும் உள்ள தொலைவைவிடப் பெரியது.

இந்தப் படிகளைத் தெரிந்துகொண்டு அந்தப் பதினொரு மடல்களையும் மறுபடி படித்தோம். இப்போது அவை வேறு விதமாகப் பேசின.

முதலாவது, எழுவாய். முதல் மூன்று மடல்களில் 'நாங்கள்' என்ற எழுவாய் எங்கும் இருக்கிறது. நாங்கள் சோதித்தோம், நாங்கள் பயணம் செய்தோம், எங்களில் ஒருவர் மூன்று நாள் தூங்கவில்லை. ஐந்தாம் மடல் முதல் எழுவாய் மறைகிறது. தாமதம் 'ஏற்பட்டுள்ளது', வடிவம் 'மறுபரிசீலனை செய்யப்படுகிறது', பங்காளி நிறுவனத்துடன் பேச்சு 'நடைபெற்று வருகிறது'. செயப்பாட்டு வினை மொழிக்கு வேண்டிய ஒன்றுதான். ஆனால் ஒருவர் தம் வேலையைப் பற்றி எழுதும்போது அதில் தாமே காணாமற்போனால், அந்த வேலையில் அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்கவேண்டும்.

இரண்டாவது, எண்கள். தொடக்கத்தில் எத்தனை பேர் பணம் கொடுத்தார்கள், எவ்வளவு சேர்ந்தது என்று எண்களாகவே பேசியவர்கள், பிறகு எண்களையே விட்டுவிட்டார்கள். எத்தனை உறைகள் வார்க்கப்பட்டன, எத்தனை தேறின என்பதற்குப் பதிலாக 'கணிசமான முன்னேற்றம்', 'பெரும்பகுதி', 'இறுதிக்கட்டம்'. இறுதிக்கட்டம் என்ற சொல் நான்கு மடல்களில் வருகிறது. நான்கு இறுதிகள் உள்ள நாடகத்தை நாம் இதுவரை படித்ததில்லை.

மூன்றாவது, சேர்க்கைகள். தாமதம் கூடக் கூட, பேனா புதிய திறன்களைப் பெறுகிறது. ஏழாம் மடலில் அது படமும் வரைகிறது. ஒன்பதாம் மடலில் குரலையும் பதிவு செய்கிறது. உறைக்கு அச்சு வெட்டியாகிவிட்டது என்றால் உள்ளே புதிய உறுப்பை எங்கே வைப்பார்கள்? அச்சு வெட்டப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அகச்சான்று வேண்டியதில்லை.

நான்காவது, படங்கள். எல்லாப் படத்திலும் அதே ஒரு பேனா. கிளிப்பின் அடியில் அதே சிறு கீறல். நம் வீட்டார்தான் அதைக் கண்டுபிடித்தார். நாம் வினைமுற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே நம்மை நாமே தடுத்துக்கொள்ள வேண்டும். தாமதம் வேறு, ஏமாற்று வேறு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளிப் பேராசிரியர் ஈத்தன் மோலிக் 2015 இல் கிக்ஸ்டார்ட்டர் ஆதரவாளர்கள் ஏறத்தாழ 47,000 பேரிடம் கேட்டறிந்து எழுதிய ஆய்வின்படி, நிதி பெற்ற திட்டங்களில் நூற்றுக்கு 9 வாக்குறுதியை நிறைவேற்றவில்லை. அதாவது மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் நிறைவேறின. அவரே 2014 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நூற்றுக்கு 75 க்கும் மேற்பட்ட திட்டங்கள் சொன்ன நாளைத் தாண்டியே பொருளை அனுப்பின என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தாமதமே இங்கு இயல்பு, வராமற்போவது விலக்கு.

பெபிள் என்ற கைக்கடிகாரம் 2012 இல் ஒரு லட்சம் டாலர் கேட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றது. கொடுத்தவர்கள் 68,929 பேர். செப்டம்பரில் வருவதாகச் சொன்னது வரவில்லை. 2013 ஜனவரியில் தங்கள் உற்பத்தி வாரத்திற்கு 15,000 என்ற அளவை நோக்கிச் செல்வதாக அவர்கள் அறிவித்து, 23 ஆம் நாள் முதல் அனுப்பத் தொடங்கினார்கள். கடிகாரங்கள் வந்தன, மக்கள் கட்டிக்கொண்டார்கள். அந்த நிறுவனம் 2016 இல் மூடப்பட்டது என்றாலும், முதல் வாக்கைக் காப்பாற்றிவிட்டே மூடப்பட்டது. மாறாக, 2014 இல் 62,642 பேரிடம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் பெற்ற கூலஸ்ட் கூலர் என்ற குளிர்பெட்டி, பல்லாயிரம் பேருக்கு வந்தது; ஏறத்தாழ 20,000 பேருக்கு வராமலே 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. ஒரே திட்டம் சிலருக்கு மெய், சிலருக்குப் பொய்.

தாமதத்தைப் பற்றிப் பேசும்போது சாமுவேல் ஜான்சனை மறக்க முடியாது. 1756 இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிக்கப் போவதாக அறிவித்து முன்பணம் வாங்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இறுதிக்குள் முடிப்பதாக வாக்கு. எட்டு மடலங்களாக அது வெளிவந்தது 1765 அக்டோபரில். இடையில் பணம் செலவாயிற்று. கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியலும் தொலைந்தது என்று அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர் 1762 இல் தம் அங்கதக் கவிதையொன்றில், பணம் வாங்கினீரே நூல் எங்கே என்னும் பொருள்பட அவரைக் குத்திக்காட்டினார். அந்தக் குத்தல் ஜான்சனின் சோம்பலைக் கலைத்தது என்று அவர் வாழ்வை எழுதியவர்கள் கருதுவதுண்டு. வெளிவந்த பதிப்பும் அதன் முன்னுரையும் இன்றும் ஆங்கிலத் திறனாய்வின் பெருஞ்செல்வங்கள்.

இந்த நிகழ்ச்சியை நம்பிக்கையின் கட்சியாரும் எடுத்துக்காட்டலாம்: "பார்த்தீர்களா, பொறுத்திருந்தவர்களுக்கு எப்படிப்பட்ட நூல் கிடைத்தது!" ஆனால் நமக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. நூலை வெளிக்கொணர்ந்ததில் பொறுத்திருந்தவர்களின் பங்கோடு, வாய்விட்டுக் கேட்டவரின் பங்கும் இருக்கிறது. ஐயம் எல்லாம் அழிவுக்கு என்று யார் சொன்னது?

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் இறுதிக் குறள், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டும் நீங்காத துன்பத்தில் முடியும் என்கிறது. நம் மாணவரைக் கடிந்துகொண்டவர்கள் வள்ளுவரைப் படித்திருந்தால் இதன் பிற்பாதியை எடுத்து வீசியிருப்பார்கள். ஆனால் வள்ளுவர் பேசுவது, ஒருவரை நேரில் வைத்துப் பல வகையாலும் ஆராய்ந்து தேர்ந்த அரசனிடம். தேறியபின் ஐயுறாதே என்ற அறிவுரை, தேறுவதற்கு வாய்ப்பிருந்தவனுக்கு. ஒரு படத்தையும் இரண்டு பக்க விளக்கத்தையும் பார்த்துப் பணம் அனுப்பியவனுக்குத் தேறுவதற்கான வாய்ப்பே தரப்படவில்லை. அவன் ஐயுறுவது நம்பியபின் வந்த தடுமாற்றம் அன்று. முன்பே செய்திருக்க வேண்டிய ஆராய்ச்சியை இப்போதாவது செய்கிறான். அதைத் துரோகம் என்பது அநியாயம்.

சட்டமும் அவனுக்கு அதிகம் உதவுவதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இத்துறையில் தன் முதல் நடவடிக்கையை எடுத்தது 2015 ஜூனில்தான். ஒரு பலகை விளையாட்டைச் செய்வதாகச் சொல்லி 1,246 பேரிடம் 1,22,000 டாலருக்கு மேல் திரட்டியவர், அதில் பெரும்பகுதியை வீட்டு வாடகை முதலியவற்றுக்குச் செலவிட்டார் என்பது குற்றச்சாட்டு. பணத்தைத் திருப்பித்தர ஆணை வந்தது. கொடுக்க வழியில்லை என்பதால் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆக, பணம் கொடுத்தவனிடம் மிஞ்சுவது கேள்வி ஒன்றுதான். அதையும் கேட்கக்கூடாது என்றால் எப்படி?

இனி, நாம் முன்பு சொல்வதாகச் சொன்னதற்கு வருகிறோம்.

2003 ஆம் ஆண்டில் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்தினோம். முதுகலை முடித்த வேகம். ஆண்டுச் சந்தா நூறு ரூபாய். நூற்றறுபது பேர் அனுப்பினார்கள். முதல் இதழ் உரிய காலத்தில் வந்தது, இரண்டாவது இரண்டு மாதம் தாழ்ந்து வந்தது. மூன்றாவது இதழுக்கு வேண்டிய பணம், முதலிரண்டு இதழ்களின் அச்சுக்கூலியிலேயே போய்விட்டது. படைப்புகள் கைவசம் இருந்தன. தாள் வாங்கப் பணமில்லை. அப்போது நாம் சந்தாதாரர்களுக்கு எழுதிய சுற்றுமடல்களின் படிகள் இன்னும் நம்மிடம் உள்ளன. 'மூன்றாம் இதழ் அச்சில் இருக்கிறது.' அச்சில் இல்லை. 'தவிர்க்கவியலாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டுள்ளது.' காரணங்களுக்குப் பெயர் இருந்தது, நாம் சொல்லவில்லை. இதழ் தாழ்ந்ததால், அதைச் சிறப்பிதழாக, கூடுதல் பக்கங்களோடு கொண்டுவரப்போவதாகவும் எழுதினோம். பதினாறு பக்கம் அச்சிட வழியில்லாதவர்கள் நூறு பக்கச் சிறப்பிதழை அறிவித்தோம்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அஞ்சலட்டை எழுதினார். 'அன்புடையீர், இதழ் உண்மையிலேயே அச்சில் உள்ளதா? இல்லையெனில் அதையே எழுதலாம். நான் வருந்த மாட்டேன்.' அவ்வளவுதான். நமக்கு வந்த சினம் இன்றும் நினைவிருக்கிறது. நூறு ரூபாய் கொடுத்துவிட்டு நம் நேர்மையையே ஐயுறுகிறாரே என்று மூவரும் தேநீர்க் கடையில் நின்று பேசினோம். விடை எழுதவில்லை. மூன்றாம் இதழும் வரவில்லை.

அன்று நாம் திருடர்கள் அல்லர். அந்தப் பணத்தில் ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை. இதழ் எப்படியாவது வந்துவிடும் என்று நாமே நம்பினோம். அந்த நம்பிக்கையைத்தான் நடந்துகொண்டிருக்கும் செயலாக எழுதினோம். வரும் என்பதை, வந்துகொண்டிருக்கிறது என்றோம். எதிர்காலத்தை நிகழ்காலமாக எழுதிய அந்த ஒரு கால வழுவில்தான் பொய் இருந்தது. பதினொரு மடல்களையும் படித்தபோது நமக்கு உண்டான சங்கடம் இதுதான். அவற்றை எழுதியவர்கள் யாரென்று தெரியாது; ஆனால் எழுதும்போது அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்பது தெரியும். அதனால் அவர்களை வெறுக்க முடியவில்லை. அதனாலேயே அவர்களை நம்பவும் முடியவில்லை.

மாணவரிடம் நம் முடிவைச் சொன்னோம்: பேனா ஒன்று இருக்கிறது, பேனாக்கள் இல்லை. அவர்களிடம் சினந்து எழுதாமல் மூன்றே கேள்விகள் கேட்கச் சொன்னோம். உறைக்கு அச்சு வெட்டியாகிவிட்டதா? கம்பியில்லாத் தொடர்புக்கான அனுமதி எண் என்ன? இதுவரை முழுமையாகக் கோத்த பேனாக்கள் எத்தனை? உண்மையாகவே செய்கிறவருக்கு இம்மூன்றுக்கும் விடை எழுத ஐந்து நிமிடம் போதும். மாணவர் எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பன்னிரண்டாம் மடல் எல்லோருக்கும் பொதுவாக வந்தது. கருநீல நிறத்திலும் பேனா கிடைக்கும் என்று அதில் இருந்தது. அவர் தம் நண்பர்கள் நால்வரிடமும் நிலைமையைச் சொல்லிவிட்டார். ஒருவர் மட்டும் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லையாம்.

நம் நண்பர்களில் சிலர் இந்த ஆண்டும் முன்வெளியீட்டுத் திட்டத்தில் நூல் கொண்டுவர எண்ணியிருக்கிறார்கள்; நாமும் பணம் அனுப்புவோம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டச்சு முடியவில்லையென்றால் முடியவில்லை என்று எழுதுங்கள். பணம் போதவில்லையென்றால் எவ்வளவு போதவில்லை என்று எழுதுங்கள். அச்சுக்குப் போகாத நூலை அச்சில் இருக்கிறது என்று எழுதாதீர்கள். யாரேனும் ஒருவர், உண்மையிலேயே அச்சில் உள்ளதா என்று கேட்டு எழுதினால், அவர்மீது சினம் கொள்ளாதீர்கள். அந்த அஞ்சலட்டைக்கு அன்றே விடை எழுதியிருந்தால், நூற்றறுபது பேரில் ஒருவரிடமாவது நாம் உண்மை பேசியிருப்போம்.